தூங்கற புள்ளைக்குக் கால் ஆடும்

உம்மடியில கெடக்கற புள்ள நெசமாலுமே தூங்குது அம்மிணி, சும்மா சும்மா குனிஞ்சு பாக்காதே. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கறியா? முப்பத்தோரு வருசம் இதுதான் என்ற வேலை. அரசாங்க மாணவியர் விடுதியில வார்டனா இருந்து ரிட்டையர் ஆனவ நானு. நூத்தியிருவது புள்ளைங்க. ஒம்பதரைக்கு லைட்டை அணைச்சேன்னா அவ்வளவுதான். ஒம்பது நாப்பதுக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து வருவேன், ஒருத்தி இருமக்கூட மாட்டா. நோட்டுல எழுதுவேன், 'அனைவரும் உறங்கினர்'னு. கீழே ஒரு கையெழுத்து. முப்பத்தோரு வருசமும் அதே ரெண்டு வார்த்தைதான்.

சித்த தள்ளி உக்காரு, பையைக் கீழ வெச்சுக்கறேன். சத்தியமங்கலம் போகோணும். கோயமுத்தூர்ல என்ற தம்பி ஊட்டுல ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேன். எதுக்குப் போனேன்னு கேளு. ஒரு புள்ளையைத் தூங்க வெக்கப் போனேன். சிரிக்காதே. அதுக்கு ஆள் வெக்கற காலம் வந்துருச்சு.

என்ற தம்பி சிவராசுக்கு ஒரே புள்ள, தருணிகா. எட்டு வயசு, மூணாவது படிக்கறா. ஒரு எடத்துல நிக்க மாட்டா. சோறு திங்கறப்போ ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல பால்கனிக்குப் போய் காக்காயை விசாரிச்சுட்டு வருவா. வெச்ச எடத்துல ஒண்ணும் இருக்காது. செருப்புல ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்காது. எங்க காலத்துல இதுக்குச் சேட்டைன்னு பேரு, மருந்து முதுகுல. இப்ப கவனம் நிக்காத கோளாறுன்னு ஒரு டாக்டரம்மா நாலு பக்கத்துக்கு எழுதிக் குடுத்துருக்கா. படிச்சுப் பாத்தேன், அதுல இருக்கற பாதி எனக்கே இருக்குது.

சேட்டை கூடப் பரவால்ல அம்மிணி. அந்தப் புள்ள ராத்திரி தூங்காது. பன்னெண்டு ஆகும், ஒண்ணு ஆகும், கண்ணு ரெண்டும் பளிச்சுனு இருக்கும். இந்த மாதிரிப் புள்ளைங்கள்ல நெறையப் பேருக்கு இப்படித்தான்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. மத்தவிங்களுக்கு ஒம்பது மணிக்கு வர்ற தூக்கம் இதுங்களுக்குப் பதினொண்ணு பன்னெண்டுக்குத்தான் கெளம்பியே வருமாம். தூக்கம் என்ன டவுன் பஸ்ஸா, டிப்போவுல இருந்து லேட்டாக் கெளம்பறதுக்கு?

இவளுக்கு அம்மா ஒருத்தி இருக்கறாளே, என்ற தம்பி பொண்டாட்டி, சுகன்யா. பேங்குல வேலை. நெம்பப் படிச்சவ. அவ டாக்டர் சொன்னதை அப்படியே வேதமாப் புடிச்சுக்கிட்டா. ஏழு மணிக்குச் சோறு. ஏழரைக்கு டிவி, போன் எல்லாம் பெட்டிக்குள்ள. எட்டுக்கு வெந்தண்ணி குளியல். அதுக்கப்புறம் அம்மாவும் மகளும் ஹால்ல நின்னு செவுத்தைத் தள்ளுவாங்க. ஆமா அம்மிணி, செவுத்தைத்தான். கையை ஊனி, மூச்சுப் புடிச்சு, பத்து நிமிசம். ஒடம்புக்கு அழுத்தம் குடுத்தா மனசு அடங்குமாம். முன்ன ஒருக்கா போயிருந்தப்போ பாத்துட்டு, செவுரு எத்தனை இஞ்சு நகந்துச்சு கண்ணுன்னு கேட்டேன். சுகன்யா சிரிக்கல. அவளுக்கு என்ற பேச்சுல எதுக்கும் சிரிப்பு வராது.

போர்வையை மறந்துட்டேன் பாரு. கனமான போர்வை போத்துனா தூக்கம் வரும்னு சொன்னாங்களாம். கடையில வெல எச்சுன்னு இவளே தெச்சுட்டா. பழைய சேலையைக் கட்டம் கட்டமா அடிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் புளியங்கொட்டை. புள்ள பொரண்டு படுத்தா சலசலன்னு சத்தம் வரும். இத்தனையும் ரெண்டு மாசம் செஞ்சு, ஒரு மணிக்குத் தூங்கறவ பதினொண்ணேகாலுக்குத் தூங்கறாளாம். செவுத்துல ஒரு அட்டை, அதுல தெனமும் நட்சத்திரம் ஒட்டி, அதைச் சாதனைன்னு வேற சொல்லிக்கிட்டாங்க.

இதுக்கெடையில சுகன்யா ஸ்கூட்டர்ல இருந்து உழுந்துட்டா. வெடியால வேலைக்குப் போறப்போ சிக்னல் பக்கம் கண்ணு சொருகிருச்சாம். ராத்திரியெல்லாம் புள்ளையோட முழிச்சுட்டு வண்டி ஓட்டுனா என்ன ஆகும்? வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. தம்பி போன் பண்ணி, அக்கா நீ வந்தாத்தான் ஆகும்னான். ஆடிப் பதினெட்டு முடிஞ்ச மறுநா கெளம்பிட்டேன். டார்ச்சை மறக்காம எடுத்துக்கிட்டேன். எங்கூட்டுல நான் ஒருத்திதான், கல்யாணமெல்லாம் ஆகல, கேக்க வேண்டியதில்ல. பூட்டுனமா, போனமான்னு இருக்கலாம்.

போனதும் சொல்லிட்டேன், ராத்திரி டூட்டி இனிமே எனக்குன்னு. சுகன்யா கையில கட்டோட பாத்தா. "அண்ணி, அவளுக்கு மெரட்டல் ஆகாது"ன்னா. நான் எப்ப மெரட்டியிருக்கேன்? முப்பத்தோரு வருசத்துல ஒரு புள்ளையை அடிச்சதில்ல. முறைப்பேன், அவ்வளவுதான்.

எங்கிட்ட ஒரு வித்தை இருக்குது. உனக்கும் தெரிஞ்சிருக்கும், உங்கூட்டுலயும் சொல்லியிருப்பாங்க. புள்ள கண்ணை மூடிட்டுத் தூங்கற மாதிரிப் படுத்திருந்தா, கட்டில் பக்கத்துல நின்னுட்டு சத்தமாச் சொல்லோணும், "அட, தூங்கற புள்ளைக்குக் கால் ஆடுமே!"ன்னு. பாசாங்கு பண்ணற புள்ள, தான் தூங்கறதைக் காட்டறதுக்காகக் காலை ஆட்டும். மாட்டிக்கும். நெசமாத் தூங்கறது கம்முனு கெடக்கும். விடுதிக்குப் புதுசா வர்ற ஆறாங்கிளாஸ் புள்ளைங்க அத்தனையும் இதுல மாட்டியிருக்குதுங்க. ஒரு வாரத்துல அடங்கிரும்.

மொத நா ராத்திரி தருணிகிட்டச் சொன்னேன். சொல்லி வாய் மூடல, ரெண்டு காலும் ஃபேன் மாதிரிச் சுத்துது! எனக்கே சிரிப்பு வந்துருச்சு. "புடிச்சுட்டேன் பாத்தியா"ன்னு டார்ச்சை மூஞ்சியில அடிச்சேன். எந்திரிச்சு உக்காந்துட்டு, "எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க"ங்கறா. இதென்னடா கெரகம், மாட்டுனதுக்குச் சந்தோசப்படற புள்ளையை இப்பத்தான் பாக்கறேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் பக்கத்துல உக்காந்து நயமாத்தான் சொன்னேன். "கண்ணு, அத்தை முப்பத்தோரு வருசத்துல ஒரு புள்ளைகிட்டக் கூடத் தோத்ததில்ல. உன்னைத் தூங்க வெக்க முடியலைன்னா அத்தைக்குத்தான் அவமானம். தோத்துட்டு இங்க எப்படி இருக்கறது? பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போயிருவேன்." அதுல என்ன தப்பு சொல்லு? ஊக்கம் குடுக்கறதுதானே.

பகல்ல அவளும் நானும் நல்லாத்தான் இருந்தோம். ஸ்கூல் வேன்ல இருந்து எறங்குனா நச்சு நச்சுனு கேள்வி. பல்லி வாலு முளைக்குது, கை ஏன் முளைக்காது? கெணத்துக்கு அடியில என்ன இருக்குது, அதுக்கும் அடியில? வார்டன்னா ஜெயில்லயும் இருப்பாங்களா, அப்ப நீங்க போலீஸா? விட மாட்டா. பதில் சொல்லாட்டி சேலையைப் புடிச்சு இழுப்பா. நானும் சொல்லித் தொலைச்சேன். தெரியாததைப் பேப்பர்ல எழுதி வெச்சு, தம்பிகிட்டக் கேட்டுட்டு மறுநா சொன்னேன். தலைக்கு எண்ணெய் வெச்சுச் சிக்கெடுத்து ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டற வரைக்கும் என்ற மடியிலதான் உக்காருவா, ஆடிக்கிட்டேதான். அந்த ரிப்பனையும் ஒழுங்கா வெக்கத் தெரியாது. ராத்திரி அவுத்து வெச்ச ரிப்பன் காலையில கட்டிலுக்கடியில கசங்கிக் கெடக்கும். சுருட்டி, முறுக்கி, கயிறு மாதிரி. தெனமும் இஸ்திரி போட்டுக் கட்டுனேன். பொம்பளைப் புள்ளைக்கு ஒரு ரிப்பனை மடிச்சு வெக்கத் தெரியலையான்னு திட்டுனா தலையைக் குனிஞ்சுக்குவா.

என்ன கண்டக்டர் தம்பி? டிக்கெட் எடுத்தாச்சு, இந்தா பாரு. மூஞ்சியைப் பாத்தா எடுக்காதவ மாதிரியா இருக்குது?

எங்க விட்டேன்? ஆ, பன்னெண்டாவது நாளு. ஒம்பதரைக்கு லைட்டை அணைச்சுட்டு, ஒம்பது நாப்பதுக்குப் போய் டார்ச் அடிச்சேன். கண்ணு மூடியிருக்குது. எமை துடிக்கல. மூச்சு சீரா வருது. "தூங்கற புள்ளைக்குக் கால் ஆடுமே"ன்னேன். ஆடல. இன்னொரு தடவை சொன்னேன். கட்டை மாதிரிக் கெடக்குது காலு. பதினோரு மணிக்குப் போனேன், ஆடல. ஒரு மணிக்குப் போனேன், ஆடல. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும்.

ஜெயிச்சுட்டேன் அம்மிணி! பன்னெண்டே நாளு. செவுத்து அட்டையைக் கழட்டுனேன். புளியங்கொட்டைப் போர்வையை மடிச்சுப் பரண் மேல போட்டேன். செவுத்துக்கும் விடுதலை. தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. "நீ ரெண்டு மாசம் செவுத்தைத் தள்ளுனே, அக்கா ரெண்டு வாரத்துல சாதிச்சுட்டாங்க பாத்தியா"ன்னு பொண்டாட்டிகிட்டச் சொன்னான். சொல்லியிருக்க வேண்டியதில்ல, ஆனா காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நோட்டு வாங்கித் தெனமும் எழுதுனேன். 'தருணிகா ஒன்பது நாற்பதுக்கு உறங்கினாள்.' கையெழுத்து.

சுகன்யாதான் ஒத்துக்கல. "அண்ணி, காலையில அவ மூஞ்சி தூங்கி எந்திரிச்ச மூஞ்சியா இல்லைங்க"ன்னா. தூங்குன மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கா பாடம்? நூத்தியிருவது மூஞ்சி பாத்தவ நானு. உனக்குப் பொறாமைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவளும் அந்த நாலு வாரம் குறட்டை விட்டுத் தூங்குனா, அதை யாரும் கணக்குல எடுத்துக்கல.

டாக்டரம்மாகிட்டயும் நானே போனேன். நோட்டை எடுத்து மேசை மேல வெச்சேன். அவ நோட்டைப் பாக்காம புள்ளையைப் பாத்தா. "நல்லாத் தூங்கறியா தருணி?"ன்னு கேட்டா. புள்ள என்னைப் பாத்துச்சு. "நல்லாத் தூங்கறேன் டாக்டர். அத்தை ஜெயிச்சுட்டாங்க"ன்னுச்சு. எனக்கு அப்படியே ஜிவ்வுனு ஆயிருச்சு. பகல்ல எப்படின்னு கேட்டா. அருமையா இருக்கறான்னு சொன்னேன்.

பகல்ல கொஞ்சம் முன்ன பின்ன இருந்துச்சுதான், இல்லைங்கல. பென்சில் முறிஞ்சுதுன்னு அரை மணி நேரம் அழுதா. பக்கத்துல உக்காந்த புள்ளையைக் கடிச்சு வெச்சுட்டான்னு டீச்சர் போன் பண்ணாங்க. ஒரே வாரத்துல மூணு போனு. ஒரு நா ஒத்தைக் கால் ஷூவோட ஊட்டுக்கு வந்தா. நான் டீச்சரையே கேட்டேன், ஒரு புள்ளையைப் பாத்துக்கத் தெரியாம எதுக்கும்மா சம்பளம்னு. ஊட்டுல எங்கிட்ட ராத்திரி கம்முனு தூங்கற புள்ள ஸ்கூல்ல கடிக்குதுன்னா, கோளாறு ஸ்கூல்லதானே?

அப்புறம் அந்தச் செவ்வாக்கிழமை.

நாலு பத்துக்கு வேன் வரும். நாலரை ஆச்சு, வரல. நான் கேட் பக்கம் நிக்கறேன். அஞ்சு ஆச்சு. டிரைவர் போனை எடுக்கல. இன்னொரு புள்ள ஊட்டுக்குப் போன் பண்ணுனா, எங்க புள்ள வந்து முக்கால் மணி நேரம் ஆச்சுங்கறாங்க. ஸ்கூல்ல கேட்டா வேன் ஏறிட்டாங்கறாங்க. தம்பி ஆபீஸ்ல இருந்து ஓடியாறான். சுகன்யா கையில கட்டோட தெருத் தெருவாப் போறா, செருப்புக் கூடப் போடல. கேட்டுக்கும் தெருமுனைக்குமா நான் நடக்கறேன் அம்மிணி. பயந்துட்டேன். விடுதியில ஒரு புள்ள கொறைஞ்சாக் கூட இத்தனை பயந்ததில்ல.

ஆறேகாலுக்கு டிரைவரைக் கண்டுபுடிச்சோம். எல்லாரையும் எறக்கிட்டேன்னு சாதிக்கறான். வண்டியை ஒரு காலி எடத்துல நிறுத்திப் பூட்டிட்டுக் குளிக்கப் போயிருக்கான். பூட்டைத் தொறந்தோம். கடைசி சீட்டுல, முன் சீட்டு மறைக்கற எடத்துல, பை மேல தலையை வெச்சுக் குறுக்கிக்கிட்டுக் கெடக்கறா. உள்ள அனலு. ஏதோ ஒரு சன்னல் நாலு வெரக்கடை தொறந்திருந்துச்சு, அதுதான் காப்பாத்துச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு, மூஞ்சி செவந்து போய்... உசுரு இருக்குதான்னு சுகன்யா மூக்குல கை வெச்சுப் பாத்தா. பெத்தவ பாக்கற மாதிரியான காரியமா அது?

தூங்கிட்டிருந்தா. அவ்வளவுதான். தூக்குனாலும் முழிக்கல, தண்ணி தொளிச்சுத் தொடச்சாலும் கண்ணு பாதிதான் தொறக்குது. ரெண்டு முழுங்கு தண்ணி குடிச்சுட்டுத் திரும்பச் சாஞ்சுட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பாத்துட்டு, ஒண்ணுமில்ல, நெம்ப அசதி, தூங்கட்டும்னு அனுப்பிட்டாங்க.

ராத்திரி பூரா நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அன்னைக்கு டார்ச் அடிக்கல. வாயைப் பொளந்துக்கிட்டு, எச்சி ஒழுகிக்கிட்டுக் கெடக்கறா. அப்பத்தான் பாத்தேன். அவ காலு ஆடுது அம்மிணி. நல்ல தூக்கத்துல. முழங்கால் வெடுக்குனு இழுக்குது, பாதம் படபடன்னு அடிக்குது, சித்த நேரம் அடங்குது, திரும்ப அடிக்குது. ராத்திரி பூரா. முழிச்சுட்டாளோன்னு குனிஞ்சு பாத்தேன். இல்ல, தூங்கறா. ஊருலகத்துல தூங்கற புள்ளைக்குக் கால் ஆடாதுன்னு முப்பத்தோரு வருசம் நம்பிட்டிருந்தேன், இதுக்கு ஆடுது.

மறுநா ராத்திரி. ஒம்பதரைக்கு லைட்டை அணைச்சேன். ஒம்பது நாப்பதுக்குப் போனேன். கண்ணு மூடியிருக்குது, மூச்சு சீரா வருது, காலு கட்டை மாதிரிக் கெடக்குது. எப்பவும் இதைப் பாத்துட்டு நோட்டு எழுதப் போயிருவேன். அன்னைக்குப் போகத் தோணல. நெசமாத் தூங்குனா ஆடற காலு, இப்ப ஏன் ஆடல?

போர்வையைக் கால் பக்கம் வெலக்குனேன்.

ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு, கட்டை வெரல் ரெண்டையும் சேத்து, அந்தச் செவப்பு ரிப்பனால கட்டியிருக்கறா. ரெண்டு சுத்து, மூணு முடிச்சு. வெரல் ரெண்டும் வெங்காயம் மாதிரி நெறம் மாறிக் கெடக்குது. கட்டை வெரலைச் சேத்துக் கட்டறது யாருக்குன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எட்டு வயசுப் புள்ளைக்குத் தெரியுமா? சாமி, அதை என்ற வாயால சொல்ல மாட்டேன்.

டார்ச் வெளிச்சத்துல கண்ணைத் தொறந்துட்டா. திருட்டுத்தனம் வெளிய வந்துருச்சுன்னு மூஞ்சி சுண்டிப் போச்சு. "அத்தை, நான் நல்லாத்தானே தூங்குனேன்? கால் ஆடவே இல்லையே"ன்னா. எதுக்குடி கட்டுனேன்னு கேட்டேன். "ஆடாதேன்னு சொன்னா காலு கேக்க மாட்டேங்குது அத்தை. அதான் கட்டிட்டேன். நீங்க ஒரு மணிக்கு வந்துட்டுப் போனதும் அவுத்துருவேன்"ன்னா. அதுவரைக்கும் என்ன பண்ணுவேன்னு கேட்டேன். எண்ணுவாளாம். மனசுக்குள்ள, ஒண்ணுல இருந்து. தப்பிப் போனா மொதல்ல இருந்து. "நீங்க தோத்துட்டா ஊருக்குப் போயிருவீங்கல்ல?"ன்னா.

ரெண்டு நிமிசம் ஒரு எடத்துல நிக்காத புள்ள. மூணரை மணி நேரம். இருவத்தெட்டு நாளு.

திட்டோணும்னுதான் நெனச்சேன். என்னை, முப்பத்தோரு வருசச் சர்வீஸ்காரியை, ஒரு மூணாங்கிளாஸ் புள்ள ஏமாத்தியிருக்குது. மொதல்ல முடிச்சை அவுக்கலாம்னு குனிஞ்சா, கண்ணு தெரியல. எனக்குச் சாளேஸ்வரம், வயசாச்சு இல்ல, கிட்டத்துல எல்லாம் கலங்கலாத் தெரியுது. சுகன்யாவைக் கூப்புட்டேன். அவளுக்கு ஒரு கைதான். அவ ஒரு கையில ரிப்பனைப் புடிச்சுக்க, நான் முடிச்சை இழுத்து அவுத்தோம். சுகன்யா புள்ளையோட வெரலைத் தேச்சு விட்டா. அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒத்தைக் கையால பரண்ல இருந்து அந்தப் புளியங்கொட்டைப் போர்வையை இழுத்துப் போட்டா. "அண்ணி, நீங்க போய்ப் படுங்க"ன்னா.

திட்டியிருக்கலாம் அம்மிணி. வெளியே போன்னு சொல்லியிருக்கலாம். பெரிய மனுசி மாதிரிப் போய்ப் படுங்கன்னு சொன்னா பாரு, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

படுத்தேன். தூக்கம் எங்க வருது? நூத்தியிருவது புள்ளைங்க, முப்பத்தோரு வருசம், எத்தனையோ ஆயிரம் ராத்திரி. ஒருத்தி போர்வையைக் கூட நான் வெலக்கிப் பாத்ததில்ல. அதுல எத்தனை பேரு கண்ணை மூடிட்டு எண்ணிக்கிட்டுக் கெடந்தாளுகளோ, ஊட்டை நெனச்சுட்டு அழுதாளுகளோ. நான் பாட்டுக்கு 'அனைவரும் உறங்கினர்'. அட, விடு. அவளுகள்லாம் இப்ப கல்யாணம் பண்ணிப் புள்ளை குட்டியோட நல்லாத்தான் இருப்பாளுக.

மறுநா டாக்டரம்மாகிட்டப் போனோம். என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவான்னு நெனச்சேன். அவ என்னன்னா, கால் தூக்கத்துல ஆடுச்சுன்னு நான் சொன்னதை ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டா. ரத்தம் எடுக்கச் சொன்னா. இரும்புச் சத்து கொறைச்சலாம், அதனாலயும் இந்த மாதிரி இழுக்குமாம். மருந்து குடுத்துருக்கா. இத்தனை நாளா ஒருத்தரும் கவனிக்காததை யாரு கண்டுபுடிச்சது? நானு. அதுக்கு ஒரு நன்றி, ஒரு வார்த்தை, அந்த ஊட்டுல எவனாவது சொன்னானா? கேளு நீயே.

கட்டு பிரிக்கற வரைக்கும் இருந்தேன். சுகன்யாவுக்குக் கை ஆகாதே, செவுத்தை யாரு தள்ளறது? நான்தான் தள்ளுனேன். அறுவது வயசுல, எட்டு மணிக்கு, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, நானும் அவளும். "இன்னும் பலமா அத்தை, இன்னும் பலமா"ன்னு கத்துவா. செவுரு நகரல. ஆனா முந்தாநேத்து பதினொண்ணு பத்துக்குத் தூங்குனா. நேத்து பத்து அம்பத்தஞ்சு. பெரிய சாதனை, போ. நெதானமாத்தான் வருமாம், சில நா பின்னாலயும் போகுமாம், பொறுமை வேணுமாம். நட்சத்திர அட்டையையும் திரும்ப ஒட்டியாச்சு. கோணலா ஒட்டியிருந்தாங்க, நான்தான் நேராக்குனேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லல, அதைத் தப்பா நெனச்சுக்காதே. கட்டு பிரிச்சாச்சு, ஒறம்பரையா வந்தவ எத்தனை நாளைக்கு இருக்கறது? நேத்துப் பொழுதோட பெட்டி அடுக்கறப்போ வந்து நின்னா. "தோத்துட்டீங்களா அத்தை?"ன்னா. "ஆமா கண்ணு, நல்லாவே தோத்துட்டேன். ஆனா அதுக்காகப் போகல"ன்னேன். "அப்ப எதுக்கு?"ன்னா. அந்தக் கேள்வியையும் பேப்பர்ல எழுதிப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

இன்னைக்கு வெடியால ஆறரைக்குக் கெளம்பிட்டேன். பையை வாசல்ல வெச்சுட்டு, அவ அறைக்குப் போனேன். சனிக்கெழமை, ஸ்கூல் இல்ல. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கறா. மூஞ்சி தெரியல. புளியங்கொட்டைப் போர்வைக்கு வெளிய ஒரு காலு மட்டும் நீட்டிட்டிருக்குது. கதவுகிட்டயே நின்னுட்டு, மெதுவாத்தான் சொன்னேன். "தூங்கற புள்ளைக்குக் கால் ஆடுமே."

ஆடுச்சு அம்மிணி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். டாட்டா காட்டற மாதிரி.

தூக்கத்துல ஆடுச்சா, முழிச்சுட்டு ஆட்டுனாளா? வேற புள்ளையா இருந்தாச் சொல்லிருவேன். இவளுக்கு ரெண்டுலயும் ஆடும். டார்ச்சு கையிலதான் இருந்துச்சு. அடிக்கல. வெளிய வந்தேன். தம்பியும் சுகன்யாவும் நின்னுட்டிருந்தாங்க. "முழிச்சுட்டாளாக்கா? சொல்லிட்டுப் போறியா?"ன்னு தம்பி கேட்டான்.

"நல்லாத் தூங்கறா, எழுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.